ஏட்டம்மாவின் பலகை டூட்டி

தென்காசி மாவட்டத்தில் ஏட்டம்மாவுக்குப் பயப்படாதது ஒன்றே ஒன்றுதான், குற்றாலச் சாரல். மற்றபடி மினி பஸ் டிரைவர், கேபிள்காரர், மேலகரத்தில் எங்கள் தெரு நாய்கள், அம்மன் கோயில் கொடைக் கமிட்டி, நான், எல்லோரும் அந்த அம்மாள் தொண்டையைச் செருமினாலே நிமிர்ந்து நின்றுவிடுவோம்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஏட்டம்மா, அவ்வளவுதான். சொந்த ஊர் வாசுதேவநல்லூர்ப் பக்கம். தனி ஆள். அவர் வீட்டு மாடியில் நானும் என் மனைவியும் சில வருஷங்கள் இருந்தோம். வாடகைக்கு இருந்தோம் என்பதைவிடக் காவலில் இருந்தோம் என்பதே பொருத்தம். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறந்தால் கீழே இருந்து விசில் சத்தம் வரும்.

அந்த விசிலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. வேலையில் சேர்ந்ததிலிருந்து சீசன் தவறாமல், குற்றாலம் மெயினருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் நின்று ஊதிய விசில் அது. அருவிக்கு அடியில் போய் நின்றுகொண்டு, உலகமே அழிந்தாலும் வெளியே வரமாட்டேன் என்று கண்ணை மூடிக்கொள்கிற கூட்டத்தை வெளியே கொண்டுவருவது லேசான காரியமல்ல. அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, ஏட்டம்மாவின் குரல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குள் அருவி இல்லை என்ற தகவல் அதற்குப் போய்ச் சேரவே இல்லை. "ஏட்டி, உப்பு இருக்கா?" என்று என் மனைவியிடம் அவர் கேட்டால் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் உப்போடு வருவார்.

ஓய்வு பெற்ற மறு வாரமே ஏட்டம்மா தென்காசிக்குப் போய் ஒரு கிட்டார் வாங்கி வந்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. வாயைக் கொடுத்தவன் நான்தான்.

"என்ன ஏட்டம்மா, இந்த வயசுல போயி கிட்டாரு?"

"எந்த வயசுலலே?"

நான் மாடிக்குப் போய்விட்டேன்.

கற்றுக்கொண்டது போனில் வரும் வீடியோக்களில். சொல்லிக்கொடுக்கும் ஆள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ஏட்டம்மாவிடம் ஏச்சு வாங்காமல் தப்ப முடியாது. "ஏலே, வெரல மறைக்காத! கைய எடு, கைய எடு!" என்று காலை நேரத்தில் கீழே அதட்டல் கேட்கும். அந்த ஆள் கையை எடுக்கமாட்டார். எப்படியோ ஒரு வருஷத்துக்குள், பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கிற கார்டு நாலைந்து பிடிக்க வந்துவிட்டது. பாட்டும் அவரே கட்டினார். வேறு என்ன பாட்டு, அருவியில் வாழ்நாளெல்லாம் சொன்னதுதான்:

"நகரு தாயி நகரு, பின்னால புள்ள நிக்கு,
நனைஞ்சது போதும் தாயி, நாலு பேருக்கு வழிய விடு."

முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், "எத்தனையோ கச்சேரிக்குப் பந்தோபஸ்து போயிருப்பீங்க. நல்ல நல்ல ஆளையெல்லாம் பாத்திருப்பீங்களே?" என்று கேட்டேன்.

"ஒண்ணையும் பாத்ததில்ல" என்றார் ஏட்டம்மா. "பந்தோபஸ்துன்னா என்னன்னு நெனைக்க? மேடைக்கு முதுகக் காட்டிட்டு கூட்டத்தப் பாத்து நிக்கணும். எத்தன வில்லுப்பாட்டு, எத்தன கச்சேரி! எல்லாரும் சிரிக்காவ, கண்ணத் தொடைக்காவ. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. திரும்பிப் பாத்தா டூட்டி போச்சு."

கொஞ்ச நேரம் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரே ஒரு தடவ மேடையில ஏறி, அங்கன இருந்து கூட்டத்தப் பாக்கணும்லே" என்றார். அருவிக் குரலில் அல்ல, சாதாரணக் குரலில். அதனால்தான் எனக்கு அது அப்படியே நினைவிருக்கிறது.

அந்த வருஷம் ஆடிக் கொடைத் திருவிழாவுக்குக் கமிட்டி கூடியபோது ஏட்டம்மா நேராகப் போய், "செவ்வாக்கெழம சாயங்காலம், வில்லுப்பாட்டுக்கு முந்தி, நான் ரெண்டு பாட்டு" என்றார். அது வேண்டுகோள் இல்லை, தகவல். கமிட்டிச் செயலாளர் உரக்கடை அண்ணாச்சி தலையாட்டினார். பிறகு டீக்கடையில் வைத்து, "ரிட்டயர்டு ஏட்டு, அதுவும் ஒரு பொம்பள, கிட்டாரத் தூக்கிட்டு கோயில் மேடையில ஏறுனா பக்கத்து ஊர்க்காரன் சிரிக்க மாட்டானாவே?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கேட்க வேண்டிய ஆளிடம் மட்டும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் சாரல் தன் வேலையைக் காட்டியது. எங்கள் ஊர்ச் சாரல் வெளியூர்க்காரர்களுக்கு இன்பம். எங்களுக்குத் துவைத்த துணி காயாது, வத்தல் நமத்துப்போகும், அலமாரிக்குள் இருக்கும் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். அப்படி ஒரு காலையில் கீழே இருந்து பெரிய சத்தம். ஓடினேன். ஏட்டம்மா கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு இருந்தார்.

கிட்டாரின் வயிற்றுப் பக்கம் ஒரு மரக்கட்டை ஒட்டியிருக்கும். பிரிட்ஜ் என்பார்கள். கம்பிகளின் ஒரு முனை அதில்தான் மாட்டியிருக்கும். அத்தனை கம்பிகளும் இழுக்கிற இழுப்பைத் தாங்கிக்கொண்டு, வெறும் பசையை நம்பி அது உட்கார்ந்திருக்கும். ஈரத்தில் அந்தப் பசை விட்டுக்கொடுத்துவிட்டது. கட்டையின் பின்பக்கம் மெல்ல மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஏட்டம்மா ஒரு பஸ் டிக்கெட்டை அந்த இடுக்கில் நுழைத்துக் காட்டினார். பாதி டிக்கெட் உள்ளே போயிற்று. மறுநாள் முக்கால் டிக்கெட் போயிற்று.

தெரு முழுக்க யோசனை சொன்னது. ஒருவர் உடனே ஒட்டுகிற பசையைச் சொன்னார். இன்னொருவர், நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டால் காலத்துக்கும் அசையாது என்றார். தென்காசியில் ஒரு கடைக்காரர் கிட்டாரைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ஏட்டம்மா பஸ்ஸே அதிரும்படி பொருமினார்.

"கைதிக்கு காய்ச்சல்னு சொன்னா, வேற கைதியப் புடிச்சி ஆஜர் பண்ணுங்கான்! இவன் வளத்த புள்ளையாலே இது? நான் வளத்தது."

செயலாளர் அண்ணாச்சிக்கு மட்டும் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. "அம்மனே வேண்டாங்கா போல இருக்கு, ஏட்டம்மா" என்றார் கோயில் வாசலில்.

"வேண்டாம்னா அம்மன் என்கிட்ட நேருக்கு நேரா சொல்லட்டும். நடுவுல நீங்க எதுக்கு? ஒட்டுதேன். செவ்வாக்கெழம வாசிக்கேன்."

வீடியோக்காரர்கள் சொன்ன வழி இது. பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் இருக்கிற பிரிட்ஜை முழுசாகக் கழற்ற வேண்டும். பழைய பசையைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டி, மரமும் மரமும் முகம் பார்க்கிற மாதிரி செய்து, புதுப் பசையை மெலிசாகத் தடவி, ஒரு பகல் ஒரு ராத்திரி அழுத்திப் பிடிக்க வேண்டும். இதெல்லாவற்றுக்கும் முன்னால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஆடி மாதத்து மேலகரத்தில் காய்ந்த மரம் எங்கே இருக்கிறது?

பேக்கரியில் இருந்தது. கடையநல்லூர்க்காரர் ஒருவர், வளைகுடாவில் ரொட்டி சுட்டுவிட்டுத் திரும்பியவர், எங்கள் தெருமுனையில் பேக்கரி வைத்திருந்தார். நாங்கள் பாய் என்போம். அடுப்புக்குப் பக்கத்தில் ரஸ்க் காயவைக்கிற ஓர் அறை உண்டு. ஊரே நசநசத்துக் கிடக்கும்போதும் அங்கே மட்டும் சித்திரை மாதம்.

"ஏட்டம்மா, இது ரஸ்க்கு காயவைக்கிற எடமாக்கும்" என்றார் பாய், கிட்டாரைக் கண்டதும்.

"நானும் காயவைக்கத்தான பாய் வந்துருக்கேன்? பாட்டா பாடச் சொன்னேன்?"

கம்பிகளைக் கழற்றிவிட்டு, கிட்டாரை ஏலக்காய் ரஸ்க் தட்டுகளுக்கு மேலே கவிழ்த்து வைத்தோம். லேசான சூட்டில் அரை மணி நேரம் என்பது திட்டம். ஆனால் ஏட்டம்மா வெளியே வந்தபோது ஒரு லோடு ஆட்டோ தெருமுனையில் குறுக்கே நின்றது. போக்குவரத்தைச் சரி செய்யாமல் அவரால் நகர முடியவில்லை. மூன்று திசை வண்டிகளையும் அனுப்பிவிட்டு நாங்கள் உள்ளே போனபோது பாய் நெஞ்சில் கைவைத்து நின்றிருந்தார். பிரிட்ஜ் தனியாகக் கழன்று, ஒரு ரஸ்க்கைப் போல ரஸ்க்குகளுக்கு நடுவே கிடந்தது.

ஏட்டம்மா குனிந்து பார்த்தார். மரத்தில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. மிச்சமிருந்த பசை சூட்டில் இளகி, கட்டை தானே விட்டுவிட்டிருந்தது. கத்தியை வைத்து நெம்பினால் வயிற்றுப் பலகையே பிய்ந்துவிடுமோ என்று நாங்கள் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்த வேலை அது.

"பாத்தியாலே! நான் போய்ப் புடிக்கதுக்குள்ள தானா சரண்டர் ஆயிட்டான்!" என்று ஏட்டம்மா போட்ட சத்தத்தில் ஒரு தட்டு பன் சரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கிட்டாரில் ஏலக்காய் வாசனை. எறும்புகள் வரிசையாக அதன் வாய்க்குள் போய்வர ஆரம்பித்தன. அவற்றையும் ஏட்டம்மா அதட்டித்தான் ஓட்டினார்.

சுரண்டுகிற வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிளேடும் உப்புத்தாளுமாக உட்கார்ந்து, கை வலிக்க வலிக்கச் சுரண்டினேன். திங்கட்கிழமை காலையில் தச்சு வேலைக்குப் போடும் வெள்ளைப் பசையை ஏட்டம்மா தன் விரலாலேயே தடவினார். பென்சில் கோடு போட்ட இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டையை வைத்தார். இனி அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கென்று நீளமான இடுக்கி உண்டு. ஆர்டர் போட்டால் கொடை முடிந்துதான் வரும்.

அதனால் பிறந்ததுதான் பலகை டூட்டி. கிட்டாரைத் தரையில் கம்பளி மேல் மல்லாக்கப் படுக்கவைத்தோம். வயிறு அமுங்கிவிடாமல் உள்ளே கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். பிரிட்ஜ் மேல் ஒரு மரத்துண்டு. அந்த மரத்துண்டின் மேல் நீளமான பலகையின் ஒரு முனை, மறு முனை செங்கல் அடுக்கின் மேல். நடுவில் உட்கார ஓர் ஆள். எந்த எடை ஆள் எங்கே உட்கார வேண்டும் என்று பலகையில் சாக்பீஸ் கோடு. கனத்தவர்கள் செங்கல் பக்கம், ஒல்லியானவர்கள் கிட்டார் பக்கம்.

"ஏட்டம்மா, ஆளு எதுக்கு? ஒரு சிமெண்ட் மூட்டைய வச்சாப் போதுமே?" என்றேன்.

"மூட்டைக்கு கண்ணு இருக்கா? எவனாவது வந்து தட்டுனா மூட்டை விசில் ஊதுமாலே? ஓட்டுப்பெட்டிக்கு காவல் இருந்தவ நான். மூட்டைய நம்பச் சொல்லுதான்."

சட்டம் ஒன்றுதான். ரிலீவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் டூட்டியில் இருப்பவர் எழுந்திருக்க வேண்டும். முதலில் ஏட்டம்மா. பிறகு நான், என் மனைவி, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்த பாய். மறுபடியும் ஏட்டம்மா. எழுந்து போனவர்கள் வாசலில் உட்கார்ந்து ரஸ்க் தின்றோம். அதற்கு ரெஸ்ட் என்று பெயர்.

மதியம் செயலாளர் அண்ணாச்சி வந்தார். குடையை மடக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏட்டம்மா, ஒரு சங்கடம். வில்லுப்பாட்டுக்காரங்க முந்தியே தொடங்கணுங்காவ. அதனால உங்க பாட்ட அடுத்த வருசத்துக்கு..."

ஏட்டம்மா பலகையில் அசையாமல் இருந்தார். ஒரு நொடி அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். அந்த முகம் வாடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு, "அப்படியா அண்ணாச்சி? நின்னுக்கிட்டே பேசுனா எப்படி? இங்கன உக்காருங்க. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றார். குரல் பட்டுப்போல இருந்தது. எனக்கு அப்போதே பயமாகிவிட்டது.

அண்ணாச்சி உட்கார்ந்தார். ஏட்டம்மா எழுந்தார்.

"ரிலீவர் வந்தாச்சு. நான் குளிச்சி, சாப்புட்டு வாரேன். எந்திரிச்சிராதீய அண்ணாச்சி. பசை இப்பத்தான் புடிக்க ஆரம்பிச்சிருக்கு. நீங்க எந்திரிச்சா ஒட்டு போச்சு. கொடைக்கு முந்துன நாளு ஒரு பொம்பள கிட்டாரச் செயலாளர் ஒடச்சிட்டாருன்னு ஊரு பேசும். நான் பேசமாட்டேன். ஊரு பேசும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க செத்த உக்காருங்களேன்."

"நான் ரெஸ்ட்ல இருக்கேன் அண்ணாச்சி" என்றேன் ரஸ்க்கைக் கடித்தபடி.

ஏட்டம்மா குளிக்கப் போனவர் அருவிக்கே போனாரோ என்று தோன்றியது. அதன் பிறகு சாப்பாடு. பொரியலை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார் என்று என் மனைவி வந்து தகவல் சொன்னாள். இதற்குள் ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. "செயலாளரே டூட்டி பாக்காரு!" என்று தெரு முழுக்கச் செய்தி. பாய் வந்து, "அண்ணாச்சி, நீங்களுமா! ரொம்ப சந்தோசம்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதலில் அண்ணாச்சி முள்மேல் இருப்பவர்போல இருந்தார். பிறகு மெல்லக் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார். அவர் கனத்துக்குப் பிரிட்ஜின் ஓரத்தில் பசை ஒரு மணியாகப் பிதுங்கியிருந்தது. "தம்பி, இத ஈரத்துணியால தொடைக்க வேண்டாமா?" என்று கேட்டார். துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் நான் எழும்போது என் முழங்கால் பலகையில் இடித்துவிட்டது.

"ஏலே, பலகைய ஆட்டாத! நான் இங்கன மூச்சுவிடாம இருக்கேன், நீ பாட்டுக்கு முட்டுத!"

அந்தச் சத்தம் அப்படியே ஏட்டம்மாவின் சத்தம். ஏட்டம்மாவே வாசலில் வந்து நின்று அதைக் கேட்டார்.

"என்னமோ சொல்ல வந்தீயளே, அண்ணாச்சி?"

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். பாதி மேலகரம் அங்கே நின்றது. "ரெண்டு பாட்டா, மூணா?" என்றார்.

"ரெண்டு."

"ரெண்டுன்னா ரெண்டு. வில்லுப்பாட்டுக்காரன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். நான் உக்காந்து ஒட்டுனது ஒட்டலன்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாது." ரிலீவர் உட்காரும்வரை அவரும் எழுந்திருக்கவில்லை.

ராத்திரி முழுக்க முறை மாற்றி உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை காலையில் பலகையை எடுத்தோம். ஏட்டம்மா பஸ் டிக்கெட்டைப் பிரிட்ஜைச் சுற்றிலும் வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கமும் நுழையவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொரு கம்பியாக ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ஒவ்வொரு முறுக்குக்கும் நாங்கள் எல்லோரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டோம். கட்டை கம்மென்று உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் கோயில் மேடைக்கு முன்னால் நல்ல கூட்டம். ஏட்டு கிட்டார் வாசிக்கப்போகிற சேதி கேட்டு, பக்கத்து ஊர்ப் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முண்டினார்கள். பட்டுச்சேலையில் ஏட்டம்மா வந்தார். மேடைப் படியில் நின்று, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"அங்கன முன்னால நில்லு. கூட்டத்தப் பாத்து. என்ன நடந்தாலும் திரும்பக் கூடாது."

"ஏட்டம்மா, நான் பாக்க வேண்டாமா? ஞாயித்துக்கெழம பூரா சொரண்டுனவன் நான்!"

"எல்லாவன் மேடைக்கும் நான் நின்னேன். என் மேடைக்கு ஒருத்தன் நிக்க வேண்டாமாலே?"

போய் நின்றேன். விசிலை ஊதினேன். பையன்கள் பின்வாங்கினார்கள். முதுகுக்குப் பின்னால் முதல் கார்டு விழுந்தது. மெலிசாகச் சாரல் தூறிக்கொண்டிருந்தது. "நகரு தாயி நகரு" என்று அந்தக் குரல் எழும்பியதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் செயலாளர் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் கிட்டாரின் வயிற்றிலேயே நிலைகுத்தி நின்றது. அடுத்த அடியில் சிரிப்பு அடங்கியது. அதற்கடுத்த அடியில், மேலகரத்துப் பெண்கள், ஆளுக்கொரு சீசனில் ஏட்டம்மாவிடம் அருவியில் ஏச்சு வாங்கியவர்கள், கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது பாட்டின் கடைசிக் கார்டும் முடிந்ததும் அண்ணாச்சி எழுந்து நின்று, "ஒட்டு நின்னுட்டு! ஒட்டு நின்னுட்டுவே!" என்று கத்தினார். கைதட்டல் அதற்குப் பிறகுதான் வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி சொன்னாள்: "ஏட்டம்மா பாட்டு முடியுத வரைக்கும் கூட்டத்தப் பாத்து சிரிச்சிக்கிட்டே இருந்தாவ. சின்னப் புள்ள மாதிரி. பாத்தீயளா?"

நான் எங்கே பார்த்தேன்.

இப்போது நாங்கள் மதுரையில் இருக்கிறோம். ஆடி பிறந்தால் போன் வரும். "ஏலே, பந்தோபஸ்துக்கு வந்துரு." அதே கிட்டார், அதே ஒட்டு, அதே ஏலக்காய் வாசனை. இத்தனை வருஷத்தில் ஏட்டம்மா பாடி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. போனில் படம் பிடித்து வைத்திருக்கிறோம், பாருங்கள் என்று பலர் நீட்டினார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். ஒரே ஒரு தடவை திரும்பி அந்தச் சிரிப்பைப் பார்த்துவிடலாமே என்று கழுத்து கிடந்து துடிக்கத்தான் செய்கிறது. திரும்பமாட்டேன். நான் டூட்டியில் இருக்கிறேன்.